சிஹாபுதீன் செய்யவிருந்த தியாகம்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினாலும் அதிர்ச்சி, இறங்கினாலும் அதிர்ச்சி. ஏறினால் வாங்குகிறவனுக்கு, இறங்கினால் விற்கிறவனுக்கு. அதிர்ச்சியடைவதற்கென்றே காலையில் குளித்துவிட்டு வருகிற ஆட்கள் அங்கே உண்டு. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, பூ வாங்காத, பூ விற்காத ஒரு மனிதர் டீக்கடை பெஞ்சில் இருந்தபடியே மார்க்கெட் மொத்தத்துக்கும் சேர்த்து அதிர்ந்தார். அவர் கையிலிருந்த கொதிக்கிற டீ அந்த நிமிஷமே ஐஸாகிவிட்டது என்று டீக்கடைக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அவர் பெயர் சிஹாபுதீன். ஊருக்கு 'சிங்கப்பூர் பாய்'. பேச்சு முடிகிற இடத்தில் சிங்கப்பூர் 'லா' ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பூர்வீகம் கடையநல்லூர் என்றாலும் பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்து ஓய்ந்தது எல்லாம் சிங்கப்பூரில். பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையதே. மனைவி ஷரீபா பீவிக்கு அவள் வாப்பா சங்கரன்கோவிலில் ஒரு வீடு விட்டுப் போயிருந்தார். மிச்சக் காலத்தை அங்கே நிம்மதியாகக் கழிக்கலாம் என்று ரெண்டு பேரும் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆயுசுக்கும் தங்கிக்கொள்ளலாம் என்று இந்திய அரசாங்கம் இருவருக்கும் அட்டையும் கொடுத்திருந்தது. ஆக, மனுஷன் மாமனார் வீட்டில் வெளிநாட்டுக்காரர்.

அதிர்ச்சியைக் கொண்டுவந்து இறக்கியவர் பக்கத்து வீட்டு கருத்தப்பாண்டி. பூக் கமிஷன் கடைக்காரர்.

"பாய், உங்களுக்கு விஷயமே தெரியாதா?"

"என்ன விஷயம் லா?"

"வருமான வரிச் சட்டத்தையே மாத்திட்டாங்களாம் வே. பழச எடுத்து எறிஞ்சிட்டுப் புதுசு. வெளிநாட்டுல இருந்து பென்ஷன் வாங்கிக்கிட்டு இங்கன வந்து உக்காந்திருக்கான் பாருங்க, அவனைத்தான் மொதல்ல புடிக்கப் போறானாம்."

"யாரு சொன்னது?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு. ராயகிரில என் மச்சினனுக்கும் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் வந்திருக்குன்னா உண்மையாத்தான இருக்கணும்?"

சிஹாபுதீன் ஐஸான டீயைப் பெஞ்சில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் பாய் பெரிய அடி. எங்களுக்கெல்லாம் என்ன இருக்கு? நீங்க துறைமுகத்துலயே பெரிய ஆபீசரு. நீங்க கையக் காட்டினாத்தான் கப்பலே நிக்குமாம்லா?"

இது சிஹாபுதீன் ஊருக்குள் விட்ட கதை. ஒரு தரம் தும்மல் வந்து அவர் கையைத் தூக்க, உள்ளே வந்துகொண்டிருந்த ஜப்பான் கப்பல் அதைப் பார்த்துப் பயந்து திரும்ப ஜப்பானுக்கே போய்விட்டதாகக்கூட ஒரு கிளைக்கதை உண்டு. உண்மையில் அவர் துறைமுகத்துக்குள் கன்டெய்னர் லாரி ஓட்டினவர். பென்ஷனுக்கென்று சேர்த்த பணத்தில் பெரும்பங்கை வேலையை விடுமுன்பே உருவி, கூட்டாளி பாதுஷாவோடு மீன் தலைக்கறிக் கடை போட்டார். மீன் போயிற்று, தலை போயிற்று, கறி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. இப்போது மாசாமாசம் வருகிற பென்ஷன், மளிகைக் கடையில் போடுகிற கொசுறு மாதிரி. ஆனால் அதை ஊரில் சொல்ல முடியுமா? கப்பலை நிறுத்தின கை என்ன ஆவது?

ஆகவே அவர் கம்பீரமாக, "பார்த்துக்கலாம் லா" என்றார். காலிரண்டும் பெஞ்சுக்கடியில் தந்தியடித்தன.

நேரே திருவேங்கடம் ரோட்டு ஜவுளிக்கடை மாடிக்கு ஏறினார். அங்கே ஆடிட்டர் சண்முகப்ரியா இருந்தாள். கெட்டிக்காரப் பெண்.

"ஏம்மா, என் கூட்டாளி ஒருத்தருக்காகக் கேக்கேன். சிங்கப்பூர்க்காரர். ரொம்பப் பெரிய ஆள், ரொம்பப் பெரிய பென்ஷன். இங்க வந்து குடியிருக்கார். அவருக்கு வரி உண்டா?"

"உண்டுன்னும் சொல்லலாம் சார், இல்லைன்னும் சொல்லலாம்."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா."

"எப்படி சார் சொல்ல? சட்டம் புதுசு. வெளிநாட்டுப் பென்ஷனை எந்தப் பக்கம் சேக்கிறதுன்னு எங்க ஆபீஸ்ல இருக்கிற மூணு பேருக்கே மூணு அபிப்பிராயம். இதுல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் வேற இருக்கு. அதைப் படிச்சா நாலாவது அபிப்பிராயம் வருது."

"இதுல எது சரின்னு எப்போ தெரியும்?"

"நோட்டீஸ் வரும்போது தெரியும்."

சிஹாபுதீன் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"நோட்டீஸ் வராம இருக்க வழி?"

"உங்க கூட்டாளி வருஷத்துல பாதிக்கு மேல வெளிநாட்டுலயே இருந்துட்டார்னா பெரும்பாலும் தலைவலி இல்லை. ஆனா அவரோட பென்ஷன் எவ்வளவுன்னு சொன்னா..."

அதற்குள் சிஹாபுதீன் எழுந்துவிட்டார். பாதி வருஷம் வெளிநாட்டில்! அந்த ஒரு வார்த்தை அவர் காதில் தேனாகவும், தொண்டையில் கெட்டிப்பால் ஊற்றிய டீயாகவும் இறங்கியது. ஏறும்போது ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு ஏறியவர், இறங்கும்போது படியையே தொடவில்லை.

ஏன் என்று கேட்டால், ஷரீபா பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி அடுப்படியில் வேலை பார்த்தவள். நோயாளிகளுக்கு அளந்து அளந்து சோறு போட்ட கை. சிஹாபுதீனுக்குச் சீனி வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. சோறு ஒரு கரண்டி. அந்தக் கரண்டியையும் தட்டையாகப் பிடிப்பாள். புரோட்டா என்ற சொல்லே வீட்டில் வரக்கூடாது. சங்கரன்கோவில் பிரியாணி வாசனை தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்துவாள். அவருக்கோ கனவெல்லாம் சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட். இழுத்து ஆற்றின டீ, மீ கோரெங் என்று ஒரு தட்டு வறுத்த நூடுல்ஸ், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பாதுஷாவோடு கேரம் போர்டு.

இப்போது சட்டமே கழுத்தைப் பிடித்து அங்கே தள்ளுகிறது! வேண்டாமென்று சொல்ல அவர் யார்?

முகத்தை மையத்து விழுந்த வீட்டுக்குப் போய் வந்த முகமாக மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஷரீபா பீவி பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஷரீபா, எல்லாம் போச்சு."

"மறுபடியும் கடை போட்டியளா?"

"கடையில்ல. வரி! புதுச் சட்டம்! நம்ம பென்ஷன் மேல கை வைக்கப் போறான்."

"யா அல்லாஹ்!" கத்தி கீழே விழுந்தது. "எவ்வளவுங்க?"

"எவ்வளவா? வழிச்சு எடுத்துருவான். அதும் பத்தலைன்னா வீட்டுக்குச் சீல் வைப்பான்."

"இது என் வாப்பா கட்டின வீடுங்க!"

"வரிக்காரனுக்கு யார் வாப்பாவா இருந்தா என்ன? வெளிநாட்டு பாஸ்போர்ட்டுன்னா பெட்டியோட தெருவுல நிப்பாட்டுவான். திருநெல்வேலில ஒரு பிரெஞ்சுக்காரனை அப்படித்தான் நிப்பாட்டிட்டான். பாவம், கைல ஒரு புட்டுக்குழல் மட்டும் வச்சிக்கிட்டு நிக்கான்."

அந்தப் பிரெஞ்சுக்காரன் அப்போதுதான் அவர் வாயில் பிறந்தான். புட்டுக்குழலும் கூடவே பிறந்தது.

ஷரீபா பீவியின் கண் கலங்கிவிட்டது. "இப்போ என்னங்க செய்யுதது?"

சிஹாபுதீன் சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஒரே வழிதான். அரை வருஷம் நாட்டை விட்டு வெளிய கெடக்கணும். ஆடிட்டரே சொல்லிட்டா. நான் போறேன் ஷரீபா. இந்தக் குடும்பத்துக்காக நான் போய்க் கஷ்டப்படுதேன்."

"எங்க தங்குவிய?"

"பாதுஷா வீட்டுல ஒரு மூலை இல்லாமலா போகும்? பாய விரிச்சுச் சுருண்டுக்கிடுவேன்."

"சாப்பாடு?"

"ரொட்டிய வெறுந்தண்ணில முக்கித் திங்க வேண்டியதுதான்."

ஷரீபா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு ஒரு வார்த்தை சொன்னாள்.

"நீங்க மட்டும் தனியாக் கஷ்டப்பட வேண்டாம். நானும் கூட வாரேன்."

சிஹாபுதீனுக்குக் கண் இருட்டியது. தேக்கா மார்க்கெட் மேஜையில், மீ கோரெங் தட்டுக்கு எதிரே, கரண்டியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஷரீபா பீவி உட்கார்ந்திருக்கிற காட்சி தெரிந்தது.

"கூடாது!" என்று அலறினார். "ரெண்டு பேரும் போகவே கூடாது! வீடு பூட்டிக் கெடந்தா வரிக்குப் பயந்து ஓடிட்டான்னு நினைச்சிருவான். ஒருத்தர் அங்க, ஒருத்தர் இங்க. சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

"புருஷன் பொஞ்சாதியப் பிரிச்சா சட்டம் போட்டிருக்கான்?"

"ரெண்டு பேருக்கும் கணக்கு வேற வேற ஷரீபா. யாரைப் புடிப்பானோ அவங்க போகணும். மத்தவங்க வீட்டைக் காக்கணும்."

"அப்படியா?" என்றாள் ஷரீபா பீவி.

மெதுவாகத்தான் சொன்னாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய ஒரு மனுஷன் அந்த 'அப்படியா'வைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். சிஹாபுதீனோ மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார், பாதுஷாவுக்குப் போன் போட.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மொட்டை மாடியில் நின்று பேசினால் தனிமையாகப் பேசுகிறோம் என்று அவருக்கு எண்ணம்.

"மச்சான், வர்றேன் டா! அரை வருஷம்!"

"பொண்டாட்டி?" என்றது பாதுஷாவின் குரல், நாலு தெருவுக்கு.

"வரமாட்டா. அழுதுக்கிட்டு வீட்டைக் காப்பா. வரின்னு ஒரு போடு போட்டேன் பாரு!"

"அப்போ காலையில டீ, மத்தியானம் மீ கோரெங், சாயங்காலம் கேரம்?"

"ராத்திரி மட்டன் சூப்பை விட்டுட்டியே!"

கீழே அடுப்படியில் பாகற்காய் அரிகிற சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் கருத்தப்பாண்டி சாப்பாட்டுக் கையோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஷரீபா பீவி, "அந்த ஆடிட்டர் பொண்ணை நானும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன். நீங்க இவ்வளவு தியாகம் செய்யும்போது நான் விவரம் தெரியாம இருக்கக்கூடாதுல்லா" என்று போய்வந்தாள். வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சோறு மட்டும் ரெண்டு கரண்டி விழுந்தது. பிரியப்போகிற பாசம் என்று சிஹாபுதீன் உருகிப்போனார்.

"டிக்கெட் போடச் சொல்லிட்டேன்" என்றாள் ரெண்டு நாள் கழித்து. "மதுரைல இருந்து."

"எப்போ?"

"வர்ற வியாழக்கிழமை."

டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் எப்போதும் ஷரீபா பீவியின் கைப்பையில்தான் இருக்கும். அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவருக்கு ஊரில் விடைபெறுகிற வேலை தலைக்கு மேல் இருந்தது. டீக்கடையில், மார்க்கெட்டில், சலூனில் எல்லாம் சொல்லிக்கொண்டார். குடும்பத்துக்காகப் போகிறேன், உயிரோடு பார்ப்போமோ மாட்டோமோ என்றார். ரெண்டு பேர் அழுதார்கள். அதில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்.

வியாழக்கிழமை காலை கார் வந்து நின்றது. சிஹாபுதீன் பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டார். கருத்தப்பாண்டி பெரிய மல்லிகை மாலையோடு வந்து நின்றார். பின்னால் தெருவே நின்றது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோவிலிருந்து ஷரீபா பீவியின் தங்கை ஷிரின் பானு இறங்கினாள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்த்த புருஷனை இழந்தவள். கூடவே ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் இறங்கியது.

"அக்காவுக்குத் துணைக்கு வந்தியா? நல்லது" என்றார் சிஹாபுதீன் காருக்குள்ளிருந்து.

"உங்களுக்குத் துணைக்கு வந்தேன் மச்சான்" என்றாள் அவள்.

இது என்ன பேச்சு என்று அவர் யோசிப்பதற்குள் ஷரீபா பீவி வெளியே வந்தாள். புதுப் புடவை, புதுச் செருப்பு, தோளில் கைப்பை. பின்னால் ரெண்டு பெட்டி.

"ஏங்க, நீங்க ஏன் வண்டில ஏறியிருக்கிய?"

"ஏர்போர்ட்டுக்கு!"

"என்னை வழியனுப்பவா? உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்? இறங்குங்க."

கருத்தப்பாண்டியின் கையில் மாலை சாய்ந்தது. மல்லிகைப் பூக்கள் ரெண்டு மூன்று தாமாகவே உதிர்ந்தன.

"நீ... நீ எங்க போற?"

"சிங்கப்பூருக்குத்தான். யாரைப் புடிப்பானோ அவங்கதான போகணும்? உங்க பென்ஷனை எந்த வரிக்காரன் தேடி வரப்போறான்? பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தாலும் தெரியாது. என் பென்ஷன்தான் பெருசு. நான் உருவலை, கடை போடலை, முழுசா இருக்கு. புடிச்சா என்னைத்தான் புடிப்பான்."

கருத்தப்பாண்டி புருவத்தை உயர்த்தினார். "அப்போ அந்தக் கப்பல் எல்லாம்..."

"எந்தக் கப்பல் அண்ணாச்சி? இவுக லாரில்லா ஓட்டினாக!"

சிஹாபுதீனுக்கு மூன்று வருஷ மானம் ஒரே மூச்சில் போயிற்று. ஆனால் மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது மீ கோரெங் போய்க்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்ற முடியாமல் உள்ளேயே துள்ளினார்.

"ஷரீபா, அவசரப்படாத! அந்தச் சட்டம் இன்னும் சரியாவே தெளியலையாம்! வரலாமாம், வராமலும் போகலாமாம்! ஆடிட்டருக்கே தெரியலை!"

"வழிச்சு எடுத்துருவான்னு சொன்னிய?"

"அது ஒரு பேச்சுக்கு!"

"வீட்டுக்குச் சீல் வைப்பான்னு சொன்னிய?"

"வைக்கமாட்டான்! அவன் நல்லவன்!"

"அப்போ அந்தப் பிரெஞ்சுக்காரன்? பாவம், புட்டுக்குழலோட நிக்கானே! நாளைக்கு நானும் பாகற்காயோட தெருவுல நிக்கணுமா?"

"சரி, அப்போ நானும் கூட வர்றேன்!"

"ஐயய்யோ, வீடு பூட்டிக் கெடக்கக்கூடாதுங்க. ஒருத்தர் அங்க, ஒருத்தர் இங்க. சட்டத்துலயே போட்டிருக்குல்லா?"

கருத்தப்பாண்டி தீவிரமாகத் தலையாட்டினார். "தங்கச்சி சொல்லுதது நியாயம் பாய். சட்டத்தோட வெளையாடக்கூடாது." அவரே கதவைத் திறந்து, பெல்ட்டை விடுவித்து, சிஹாபுதீனைக் குழந்தையைப் போல இறக்கினார். மாலையை ஷரீபா பீவியின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "குடும்பத்துக்காகக் கஷ்டப்படப் போறிய. போய்ட்டு வாங்க."

கார் போயிற்று. பூப்போட்ட சட்டை மட்டும் தெருவில் நின்றது.

அதன் பிறகு நடந்ததை எழுதினால் படிக்கிறவர்களுக்கே பல் கூசும். ஷிரின் பானு எலுமிச்சையில் நம்பிக்கை உள்ளவள். சீனி வியாதிக்கு எலுமிச்சை, வாயுவுக்கு எலுமிச்சை, கவலைக்கும் எலுமிச்சை. காலையில் சாறு, மத்தியானம் சாதம், சாயங்காலம் ஊறுகாய் கழுவின தண்ணீர். மூட்டை தீருவதற்குள் புளியங்குடியிலிருந்து அடுத்த மூட்டை வந்துவிடும். ஒரு மாசத்தில் சிஹாபுதீன் தெருவில் நடந்தால் எதிரே வருகிற பால்காரர் பால் திரிந்துவிடும் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மனுஷனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு நாள் ஆடிட்டர் மாடிக்குத் தவழாத குறையாக ஏறினார். இந்தத் தடவை கூட்டாளி, பெரிய ஆள், கப்பல் ஒன்றும் கிடையாது.

"நான்தாம்மா அந்தக் கூட்டாளி. லாரி ஓட்டினேன். என் பென்ஷன் இவ்வளவுதான். என் பொஞ்சாதிக்கு இதைவிடக் கொஞ்சம் கூட." ரெண்டையும் காதோடு காதாகச் சொன்னார்.

சண்முகப்ரியா கண்ணாடியைக் கழற்றினாள். "இவ்வளவுதானா சார்? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே! உங்க கூட்டாளி ஏதோ கப்பலை நிறுத்துற ஆளுன்னுதான ஊரே சொல்லுது. இந்தத் தொகைக்கு விதி எந்தப் பக்கம் சாஞ்சாலும் உங்க ரெண்டு பேருக்கும் வரி வர்றதுக்கே இடமில்லை. யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"போக வேண்டாமா?"

"வேண்டாம் சார்."

"அப்போ போனவங்க?"

"திரும்பி வரலாம் சார்."

சிஹாபுதீன் அவள் காலில் விழாததுதான் பாக்கி. அந்த ஜவுளிக்கடை வாசலிலேயே நின்று போனைப் போட்டார், வீடியோவில். மணி அடித்தது. முகம் தெரிந்தது.

ஷரீபா பீவி தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி அடுப்படிக் கூட்டாளிகள் நாலு பேர் சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நுரை ததும்ப ஒரு குவளை டீ. அவள் முகம் ஒரு பத்து வயது குறைந்து, கன்னத்தில் மினுமினுப்பு ஏறியிருந்தது. ஒரு மாசமாக அவள் யாருக்கும் எதையும் அளக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஷரீபா! ஷரீபா! வரி கிடையாது! உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை! ஆடிட்டர் அடிச்சுச் சொல்லிட்டா! நீ உடனே கிளம்பி வா!"

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, உதட்டு நுரையைத் துடைத்தாள்.

"தெரியும்ங்க. நானும் ஒரு கூட்டாளி குடும்பத்துக்குன்னு போய்க் கேட்ட அன்னைக்கே அந்தப் பொண்ணு சொல்லிட்டா."

சிஹாபுதீனுக்கு ஜவுளிக்கடைப் பொம்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஏட்டி! தெரிஞ்சிருந்தும் பின்ன எதுக்குட்டி போன?"

"நீங்க எதுக்குப் போகப் பாத்தியளோ, அதுக்குத்தாங்க."